முந்நூறு பொருளை ஒரே கோப்பில் ஏற்றலாம்

கடையில் முந்நூறு பொருள் இருக்கிறது. இணையத்திலும் கடை திறந்தாகிவிட்டது. ஒரு பொருளுக்குப் பெயர் அடித்து, விலை போட்டு, படம் சேர்த்து, வகை குறித்துச் சேமிக்க ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முந்நூறுக்கு 1,500 நிமிடம், அதாவது 25 மணி நேரம். தினமும் கடை சாத்திய பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், கிட்டத்தட்ட ஒரு மாதம் ஓடிவிடும்.

இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. பொருள் பட்டியலை எக்செல் போன்ற விரிதாளில் ஒருமுறை ஒழுங்காக எழுதிவிட்டால், அதை ஒரே கோப்பாகக் கடைக்குள் ஏற்றிவிடலாம். நன்றாகத் தயாரித்த கோப்பு சில நிமிடங்களில் ஏறிவிடும். ஆனால் பொருள்கள் மொத்தமாக ஏறுவதுபோலத் தவறுகளும் மொத்தமாகவே ஏறும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் கோப்பைத் தயாரிப்பது பற்றித்தான்.

எந்தக் கடையை வைத்துச் சொல்கிறேன்? வேர்ட்பிரஸ் தளங்களில் இயங்கும் வூகாமர்ஸ் என்ற இலவச மென்பொருளை வைத்து. நம் ஊர்ச் சிறு கடைகள் பலவும் இதில்தான் நடக்கின்றன. 2017-ல் வந்த 3.1 பதிப்பிலிருந்து, கோப்பு ஏற்றும் வசதி அதன் உள்ளேயே இருக்கிறது. தனியாகக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். உதாரணத்துக்கு மஞ்சள் தூள், மிளகு, மல்லி, நெய் விற்கும் ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம்.

எக்செல் கோப்பை அப்படியே ஏற்றலாமா? முடியாது. சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்து எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு) என்ற வடிவத்தில் சேமித்துத்தான் ஏற்ற வேண்டும். அதைத் திறந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும்:

எஸ்கேயூ,பெயர்,விலை,இருப்பு
எம்டி-250,மஞ்சள் தூள் 250 கிராம்,95,40
எம்எல்-100,மிளகு 100 கிராம்,120,25

முதல் வரிசை தலைப்பு. அதற்குக் கீழே ஒவ்வொரு வரிசையும் ஒரு பொருள். ஒவ்வொரு காற்புள்ளியும் அடுத்த பத்தியின் (விரிதாளில் மேலிருந்து கீழே இறங்கும் கட்டங்கள்) தொடக்கம். அவ்வளவுதான் சங்கதி.

இதில் நிறம் இல்லை, சூத்திரம் இல்லை, இரண்டாவது தாள் இல்லை. எழுத்துருவும் இல்லை என்பதுதான் தமிழில் பட்டியல் வைத்திருப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. உங்கள் பழைய பட்டியல் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்ததாக இருந்தால், திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் இருக்கிறது. சிஎஸ்வி ஆக்கியதும் எழுத்துரு கழன்றுவிடும். ‘மஞ்சள் தூள்’ இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் பட்டியல் முழுவதையும் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

யூனிகோடில் அடித்திருந்தும் ‘????’ என்று வருகிறதே, ஏன்? சேமித்த விதம் தவறு. எக்செல்லில் சேமிக்கும்போது சிஎஸ்வி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகள் இருக்கும். அவற்றில் ‘யுடிஎஃப்-8’ (எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் முறை) என்று சேர்ந்திருப்பதைத்தான் தேர வேண்டும். சாதாரண சிஎஸ்வியைத் தேர்ந்தால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிவிடும். அந்தக் கேள்விக்குறிகளை மறுபடி தமிழாக்க வழியே கிடையாது. கூகுள் ஷீட்ஸில் இந்தத் தொல்லை இல்லை. அதிலிருந்து பதிவிறக்கும் சிஎஸ்வியில் தமிழ் பத்திரமாக இருக்கும்.

தலைப்பு வரிசையில் என்னென்ன எழுத வேண்டும்? இதற்குப் பலரும் இணையத்தில் மாதிரிக் கோப்பு தேடுகிறார்கள். தேட வேண்டாம், உங்கள் கடையே மாதிரி தரும். இரண்டு மூன்று பொருள்களை வழக்கம்போலக் கையால் ஏற்றுங்கள். அதில் ஒன்று பல எடைகளில் கிடைக்கும் பொருளாக இருக்கட்டும். படம், வகை, விலை, தள்ளுபடி விலை, இருப்பு என்று ஒன்றையும் விடாமல் நிரப்புங்கள். பிறகு பொருள்கள் பக்கத்தின் மேலே உள்ள ‘எக்ஸ்போர்ட்’ (கடையில் உள்ளதைக் கோப்பாக வெளியே எடுப்பது) பொத்தானை அழுத்துங்கள். வரும் கோப்பில் எந்தப் பத்தியில் எதை, எந்த வடிவத்தில் எழுத வேண்டும் என்பது தெளிவாக இருக்கும். அதே போலக் கீழே எழுதிக்கொண்டு போனால் போதும்.

கடையில் டாலி கணக்கு மென்பொருள் வைத்திருந்தால் இன்னும் எளிது. பொருள் பெயர், இருப்பு, விலை எல்லாம் அதிலிருந்தே எக்செல்லாக எடுத்து இந்த மாதிரிக்குள் ஒட்டிக்கொள்ளலாம். புதிதாக அடிக்க வேண்டியது விளக்கமும் படமும்தான்.

எஸ்கேயூ என்று ஒரு பத்தி இருக்கிறதே, அது கட்டாயமா? எஸ்கேயூ என்பது நீங்களே ஒரு பொருளுக்கு வைக்கும் அடையாளக் குறி. இது இல்லாமலும் பொருள் ஏறும். ஆனால் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு விலை மாற்றும்போது, ‘மஞ்சள் தூள் 250 கிராம்’ என்ற பெயரை வைத்துக் கடை பொருளைத் தேடாது, இந்தக் குறியை வைத்துத்தான் தேடும். ஒருவர் ‘மஞ்சள் தூள்’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘மஞ்சள்தூள்’ என்று சேர்த்து எழுதுவார். குறி மாறாது.

குறி வைக்கும்போது எழுத்தில் தொடங்குங்கள்: எம்டி-250, எம்எல்-100 என்பதுபோல. வெறும் எண்ணாக 005 என்று வைத்தால் எக்செல் அதை 5 ஆக்கிவிடும். ஒரே குறியை இரண்டு பொருளுக்கு வைக்கக் கூடாது. மஞ்சள் தூளின் 100 கிராம், 250 கிராம், 500 கிராம் மூன்றுக்கும் தனித்தனிக் குறி வேண்டும். குறிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் தொல்லைதான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே பொருள் மூன்று எடையில் இருந்தால் எத்தனை வரிசை எழுதுவது? நான்கு. முதலாவது தாய் வரிசை. இதில் ‘டைப்’ என்ற பத்தியில் ‘வேரியபிள்’ என்று வரும், பெயர் வெறுமனே ‘மஞ்சள் தூள்’. எடைக்கான பத்தியில் மூன்று எடைகளையும் காற்புள்ளியிட்டு எழுத வேண்டும். அடுத்த மூன்றும் பிள்ளை வரிசைகள். ‘டைப்’ பத்தியில் ‘வேரியேஷன்’ என்றும், எடைப் பத்தியில் அதனதன் எடை மட்டும், விலைப் பத்தியில் அதனதன் விலையும் வரும். ‘பேரண்ட்’ என்ற பத்தியில் தாயின் எஸ்கேயூவை எழுத வேண்டும். இந்த ஒன்று விட்டுப்போனால் பிள்ளை யாரிடம் போய்ச் சேர்வது என்று தெரியாமல் ஏறாது. பல கடைகளில் முதல் முயற்சி தடுக்கி விழுவது இங்கேதான்.

ஒரே எடையில் மட்டும் விற்கும் பொருளுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ‘சிம்பிள்’ என்று எழுதி ஒரே வரிசையில் முடித்துவிடலாம்.

வகைப் பத்தியில் உள்வகை காட்ட ‘மளிகை > மசாலா’ என்று எழுதுங்கள். கடை தானே இரண்டையும் உருவாக்கிக்கொள்ளும். ஆனால் ஒரு வரிசையில் ‘பொடி’, இன்னொன்றில் ‘பொடிகள்’ என்று எழுதினால் இரண்டு தனி வகைகள் முளைத்துவிடும். வாங்க வருபவர் ஒன்றில் தேடுவார், சரக்கு மற்றொன்றில் இருக்கும்.

விலையில் எண்ணைத் தவிர வேறொன்றும் வேண்டாம். ரூபாய்க் குறி வேண்டாம், ‘1,250’ என்று நடுவில் காற்புள்ளியும் வேண்டாம். நோட்பேடில் நேரடியாக அப்படி அடித்தால், விலை 1 என்று நின்று, 250 அடுத்த பத்திக்குப் போய்விடும். 1250 என்றே எழுதுங்கள். விளக்கத்தில் காற்புள்ளி வராமல் எழுத முடியாது. அதற்கு, அந்தக் கட்டம் முழுவதையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். எக்செல்லும் கூகுள் ஷீட்ஸும் சேமிக்கும்போது இதைத் தாமே செய்துவிடும்.

படத்தைக் கோப்புக்குள் எப்படி வைப்பது? வைக்க முடியாது. சிஎஸ்வியில் எழுத்து மட்டும்தான் போகும். படம் இருக்கும் இணைய முகவரியைத்தான் எழுத வேண்டும், கடை அங்கே போய்ப் படத்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் கணினியில் உள்ள ‘படங்கள்’ கோப்புறையின் பாதையை எழுதினால் வேலைக்காகாது, கடை உங்கள் வீட்டுக் கணினிக்குள் எட்டிப் பார்க்க முடியாது. கூகுள் டிரைவில் வைத்துப் பகிரும் இணைப்பும் ஏமாற்றும். அது படத்தைக் காட்டும் பக்கத்தின் முகவரியே தவிர, படத்தின் முகவரி அல்ல.

எளிய வழி இதுதான். படங்களை எல்லாம் முதலில் உங்கள் தளத்தின் மீடியா பகுதியில் மொத்தமாக ஏற்றிவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அங்கே ஒரு முகவரி கிடைக்கும். படக் கோப்பின் பெயரையே எஸ்கேயூ ஆக வைத்திருந்தால் எந்தப் படம் எந்தப் பொருளுக்கு என்று குழம்ப வேண்டாம். ஒரு பொருளுக்கு இரண்டு மூன்று படம் இருந்தால் காற்புள்ளியிட்டு எழுதலாம். முதலில் எழுதுவதே முகப்புப் படமாக வரும்.

இனி எக்செல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உதவி செய்கிறேன் என்று அது தானாகச் செய்யும் மாற்றங்களால் கெட்ட கோப்புகள் நிறைய.

மஞ்சளின் எச்எஸ்என் எண் (ஜிஎஸ்டிக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எண்) 0910. மிளகுக்கு 0904. எக்செல்லில் 0910 என்று அடித்து அடுத்த கட்டத்துக்குப் போங்கள். 910 என்று நிற்கும். எண்ணுக்கு முன்னால் வரும் சுழியத்துக்கு மதிப்பில்லை என்று அது நினைக்கிறது. பில்லிலும் அதே தவறான எண்தான் அச்சாகும்.

பார்கோடு எண் இன்னும் மோசம். இந்தியாவில் பதிவு செய்த பார்கோடுகள் 890 என்று தொடங்கும், மொத்தம் 13 இலக்கம். இவ்வளவு நீள எண்ணை எக்செல் சுருக்கி, 8.9 பெருக்கல் பத்தின் பன்னிரண்டாம் அடுக்கு என்ற பொருளில் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கிய வடிவம்தான் கோப்பில் போகும். கடைசி இலக்கங்கள் போனது போனதுதான்.

குழந்தைகள் உடை விற்பவர் 2-3 வயது என்பதைக் குறிக்க ‘2-3’ என்று அடித்தால் அது மார்ச் 2 ஆகிவிடும். இது சிறு கடைக்காரர்களின் பிரச்சினை மட்டுமல்ல. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் அறிவியல் குழு, எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே, ‘மார்ச்’, ‘செப்ட்’ என்று தொடங்கிய சில மரபணுக்களின் பெயர்களை மாற்றி 2020-ல் அறிவித்தது.

தடுப்பது எப்படி? அடிக்கத் தொடங்கும் முன்பே அந்தப் பத்தி முழுவதையும் தேர்ந்து, அதன் வகையை ‘டெக்ஸ்ட்’ (கணக்குப் பார்க்காத வெறும் எழுத்து) என்று மாற்றிவிடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போன சுழியம் திரும்பாது.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சரியாகச் சேமித்த சிஎஸ்வியை, சரிதானா என்று பார்க்க இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறப்போம். திறந்த உடனே மறுபடி சுழியம் உதிரும். எந்தப் பத்தி ‘டெக்ஸ்ட்’ என்ற விவரத்தை சிஎஸ்வி வைத்திருக்காது. அந்த நிலையில் இன்னொரு முறை சேமித்தால் நல்ல கோப்பு கெட்டது. ஆகவே மூலப் பட்டியலை எக்செல் வடிவத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் எல்லாம் அதில்தான். ஏற்றும்போது மட்டும் அதிலிருந்து சிஎஸ்வி எடுங்கள். சிஎஸ்வியைப் பார்க்க வேண்டுமானால் நோட்பேடில் திறந்து பாருங்கள். லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்கள் அதிலும் திறக்கலாம், எந்தப் பத்தியை எப்படிப் படிக்கட்டும் என்று அது முதலிலேயே கேட்கும்.

கோப்பு தயார். ஏற்றுவது எப்படி? பொருள்கள் பக்கத்தில் ‘இம்போர்ட்’ பொத்தானை அழுத்திக் கோப்பைத் தேருங்கள். அடுத்த திரையில் உங்கள் பத்திகள் ஒருபக்கமும், கடையின் பத்திகள் மறுபக்கமும் நிற்கும். எது எதற்கு என்று பொருத்திக் காட்ட வேண்டும். எக்ஸ்போர்ட் செய்த மாதிரியையே பின்பற்றியிருந்தால் அது தானே பொருந்தியிருக்கும், ஒருமுறை கண்ணால் பார்த்தால் போதும். தேவையில்லாத பத்தியை ஏற்ற வேண்டாம் என்று விட்டுவிடலாம். பிறகு ஓட விடுங்கள். சிறு சிறு தொகுதிகளாக ஏறிக்கொண்டிருக்கும். முடியும்வரை அந்தப் பக்கத்தை மூடாதீர்கள்.

முதல் முறை முந்நூறையும் ஏற்றலாமா? தயவுசெய்து வேண்டாம். ஐந்து வரிசை போதும்: சாதாரணப் பொருள் ஒன்று, எடை வகைகள் உள்ள ஒரு குடும்பம். ‘பப்ளிஷ்ட்’ பத்தியில் 1 என்றால் பொருள் உடனே கடையில் தெரியும், -1 என்றால் வெளியே தெரியாமல் வரைவாக நிற்கும். சோதனைக்கு -1 போடுங்கள். ஏறியதும் ஒவ்வொன்றாகத் திறந்து தமிழ் சரியா, விலை சரியா, படம் வந்ததா, எடைகள் தாயோடு சேர்ந்தனவா என்று பாருங்கள். எத்தனை ஏறின, எத்தனை தவிர்க்கப்பட்டன, ஏன் என்ற விவரத்தைக் கடைசித் திரையே சொல்லும். ஐந்தும் சரியென்றால் மீதியை ஏற்றலாம்.

ஏற்றிய பிறகு விலை மாறினால்? இந்தக் கோப்பு முறையின் முழுப் பயன் தெரிவது அப்போதுதான். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. நெய்க்கு 12 சதவீதம் 5 ஆனது. சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றுக்கு 18 சதவீதம் 5 ஆனது. ஒரே நாளில் ஏராளமான விலைகளைத் திருத்த வேண்டிய நிலை. பொருள் பொருளாகத் திறந்து மாற்றினால் அன்றைக்குள் முடியாது. கோப்பு வைத்திருந்தால் ஒரு மணி நேர வேலை.

இதற்குக் கோப்பை ஏற்றும்போது ‘ஏற்கெனவே உள்ள பொருள்களைப் புதுப்பி’ என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். டிக் அடித்தால், எஸ்கேயூ பொருந்தும் பொருள்கள் மட்டும் புதுப்பிக்கப்படும், கடையில் இல்லாத புதுப் பொருள்கள் தவிர்க்கப்படும். டிக் இல்லாவிட்டால் நேர்மாறு: புதியவை ஏறும், பழையவை தவிர்க்கப்படும். ‘விலையை மாற்றி ஏற்றினேன், ஒன்றுமே மாறவில்லை’ என்று சொல்பவர்கள் அநேகமாக இந்த டிக்கை மறந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

புதுப்பிக்கும் கோப்பில் எஸ்கேயூவும் மாற்ற வேண்டிய பத்தியும் மட்டும் இருக்கட்டும். மற்றப் பத்திகளை நீக்கிவிட்டால் கடையில் உள்ளவை அப்படியே இருக்கும். பத்தியை வைத்துவிட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டால், பழைய விவரம் அழிந்துபோகக்கூடும்.

தவறாக ஏறிவிட்டால் பழையபடி ஆக்க முடியுமா? ஒரே அழுத்தில் பின்வாங்கும் பொத்தான் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு கடையில், விலைப் பட்டியலைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிப் பார்க்க நினைத்து, விலைப் பத்தியை மட்டும் தேர்ந்து வரிசைப்படுத்திவிட்டார்கள். மற்றப் பத்திகள் நின்ற இடத்திலேயே நின்றன, விலைகள் மட்டும் இடம் மாறின. அதைக் கவனிக்காமல் ஏற்றினார்கள். மறுநாள் காலை, ஒரு கிலோ மிளகை ஒரு மல்லித்தூள் பாக்கெட்டின் விலைக்கு ஒருவர் வாங்கியிருந்தார், பணமும் கட்டியிருந்தார். கடைக்காரர் சொன்ன விலைக்கே அனுப்பிவைத்தார். அதன் பிறகு பழைய விலைகளைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது. காரணம், முன்தினம் யாரும் எக்ஸ்போர்ட் எடுத்து வைக்கவில்லை.

ஆகவே எதை ஏற்றுவதற்கு முன்பும் கடையில் உள்ளதை எக்ஸ்போர்ட் செய்து, அன்றைய தேதியைப் பெயராக வைத்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். தவறு நேர்ந்தால் அந்தப் பிரதியையே, டிக் அடித்து, திரும்ப ஏற்றினால் பழைய விலைகள் வந்துவிடும். விரிதாளில் வரிசைப்படுத்துவதென்றால் பட்டியல் முழுவதையும் தேர்ந்து செய்யுங்கள்.

ஷாப்பிஃபையில் கடை வைத்திருப்பவருக்கும் இதெல்லாம் பொருந்துமா? பெரும்பாலும் பொருந்தும். அங்கே எஸ்கேயூவுக்குப் பதில் ‘ஹேண்டில்’ (பொருளின் இணைய முகவரியில் வரும் பெயர்) அடையாளமாக இருக்கிறது, கோப்பு 15 எம்பிக்குள் இருக்க வேண்டும். தலைப்புகளின் பெயர்களும் வேறு. அங்கேயும் முதலில் எக்ஸ்போர்ட் எடுத்து அதையே மாதிரியாக வையுங்கள்.

பாக்கெட்டில் அடைத்த பொருள் விற்பவர்களுக்கு ஒன்று. அதிகபட்ச விலை, நிகர எடை, தயாரித்தவர் பெயர், முகவரி போன்றவற்றை இணையக் கடையிலும் காட்ட வேண்டும் என்ற விதி 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. கோப்பு தயாரிக்கும்போதே இவற்றுக்கும் இடம் ஒதுக்கிவிட்டால் பிறகு முந்நூறு பொருளையும் மறுபடி தொட வேண்டியதில்லை.

இந்த வேலையை வேறு யாரிடமாவது காசு கொடுத்து ஒப்படைப்பதானாலும் சரி, அது உங்கள் கடையின் பட்டியல். வேலை முடிந்த அன்றே மூல எக்செல் கோப்பையும், கடைசியாக எடுத்த எக்ஸ்போர்ட்டையும் கேட்டு வாங்கி, உங்கள் கணினியில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள்.